கடலூரில் வளர்ப்புப் பெற்றோர் ஆவது எப்படி: விண்ணப்பத்திலிருந்து குழந்தை வீடு திரும்பும் நாள் வரை

பெற்றோரின் பராமரிப்பு கிடைக்காத ஒரு குழந்தையைச் சட்டப்படி உங்கள் வீட்டில் வைத்து வளர்க்க முடியும். அதற்கு வளர்ப்புப் பராமரிப்பு என்று பெயர். அலுவலகத்தில் ஃபாஸ்டர் கேர் என்றே சொல்வார்கள். ஆனால் விசாரிக்க வருகிறவர்களில் பலர் தத்தெடுப்பை மனதில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். பிள்ளை இல்லாத தம்பதி, பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போய்விட்டதால் வீடு வெறிச்சோடிப் போனவர்கள். அவர்களுடைய ஆசை நியாயமானது. ஆனால் இங்கே வரும் குழந்தைக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கலாம். அப்பா சிறையில் இருப்பார், அம்மா நோயில் விழுந்திருப்பார், குடியால் குடும்பம் சிதைந்திருக்கும். அந்தக் குடும்பம் நிமிரும்வரை குழந்தையை உங்களிடம் ஒப்படைக்கிறார்கள். நிமிர்ந்துவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பாசமாக வளர்க்கவும் வேண்டும், நேரம் வந்தால் மனதாரத் திருப்பி அனுப்பவும் வேண்டும். இந்த இரண்டும் உங்களால் முடியுமா என்று பார்க்கத்தான் விண்ணப்பம், வீட்டு விசாரணை, மாதாந்திர ஆய்வு எல்லாம். இது புரிந்துவிட்டால் அதிகாரிகள் கேட்கும் எந்தக் கேள்வியும் குடைச்சலாகத் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது

அடிப்படை, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அதன் 44ஆவது பிரிவு வளர்ப்புப் பராமரிப்பைப் பற்றியது. குழந்தையை விடுதியிலோ இல்லத்திலோ வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும், முடிந்தவரை ஒரு குடும்பத்தில்தான் வளர வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் கொள்கை. தமிழ்நாட்டுக்கென்று 2017இல் விதிகள் வந்தன. மத்திய அரசு 2016இல் வெளியிட்ட மாதிரி வழிகாட்டு நெறிமுறைகளை 2024இல் திருத்தியது. தனியாக வாழ்பவர்களுக்கும் இப்போது கதவு திறந்திருப்பது அந்தத் திருத்தத்தால்தான்.

ஓட்டுநர் உரிமம் மாதிரி ஒரு அட்டையைக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் உங்கள் குடும்பம் தகுதியானது என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு முடிவு செய்யும். அதன்பிறகு எந்தக் குழந்தை வருகிறதோ அந்தக் குழந்தைக்கென்று குழந்தைகள் நலக் குழு தனியாக ஓர் ஆணை போடும். அந்த ஆணை கைக்கு வராமல் குழந்தையை வீட்டுக்கு அழைத்து வரக்கூடாது. அதிகாரியே வாய்மொழியாகச் சரி என்று சொன்னாலும் ஆணையைக் கேட்டு வாங்குங்கள்.

யார் விண்ணப்பிக்கலாம்

2024 நெறிமுறைகளின்படி கணவன் மனைவியாக விண்ணப்பித்தால், மணமாகிக் குறைந்தது 2 ஆண்டுகள் நிலையாக வாழ்ந்திருக்க வேண்டும். இருவர் வயதையும் கூட்டினால் 70க்குக் குறையக்கூடாது. 6 முதல் 12 வயதுக் குழந்தைக்கு அந்தக் கூட்டு வயது 110ஐத் தாண்டக்கூடாது, 12 முதல் 18 வயதுக்கு 115ஐத் தாண்டக்கூடாது. கணவருக்கு 38, மனைவிக்கு 33 என்றால் 71, சரியாகிவிடும். முப்பதும் இருபத்தெட்டுமாக இருக்கும் தம்பதிக்கு எவ்வளவு ஆர்வம் இருந்தாலும் இன்னும் சில ஆண்டு பொறுக்க வேண்டியதுதான்.

மணமாகாதவர், கணவனையோ மனைவியையோ இழந்தவர், விவாகரத்து ஆனவர், சட்டப்படி பிரிந்து வாழ்பவர் தனியாகவே விண்ணப்பிக்கலாம். வயது குறைந்தது 35. சிறிய குழந்தைக்கு 55 வரை, 12 வயதைத் தாண்டிய பிள்ளைக்கு 60 வரை. தனியாக வாழும் பெண் ஆண் குழந்தை, பெண் குழந்தை இரண்டையும் வளர்க்கலாம். தனியாக வாழும் ஆணுக்கு ஆண் பிள்ளையை மட்டுமே தருவார்கள்.

குழந்தையின் வயதையும் கவனியுங்கள். ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களைத்தான் இந்த ஏற்பாட்டில் தருகிறார்கள். கைக்குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இது வழி கிடையாது. வருவது பள்ளிக்கூடம் போகிற, சொந்த நினைவுகளும் பயங்களும் கோபங்களும் உள்ள பிள்ளை. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு வீடு கிடைப்பதுதான் ரொம்பச் சிரமம். உங்களுக்கு ஒத்துவரும் என்றால் விண்ணப்பிக்கும்போதே பெரிய பிள்ளையை ஏற்கத் தயார் என்று சொல்லுங்கள்.

இங்கே உறவினர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கடலோர ஊர்களில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பாட்டி, சித்தப்பா, அத்தை என்று உறவுக்காரர்களே தூக்கி வளர்த்த வீடுகள் உண்டு. இன்றும் நம் ஊரில் இதுதான் வழக்கம். பேரப்பிள்ளையை வளர்க்கும் பாட்டிக்கு இந்த நீண்ட நடைமுறை தேவைப்படாது, ஆனால் உதவி உண்டு. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுத் திட்டத்தில் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000, நகர்ப்புறத்தில் 96,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறார்கள். தெரியாமலே விட்டுவிட்ட பாட்டிமார் பலர். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் ஆட்சியர் அலுவலகத்துக்குக் கையோடு கூட்டிப் போய் விசாரியுங்கள்.

எங்கே போய்க் கேட்பது

ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. மஞ்சக்குப்பத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் கடலூர் அலகு எங்கே இயங்குகிறது என்று சொல்வார்கள். அங்கே நிறுவனம் சாராப் பராமரிப்புக்கென்று, அதாவது இல்லங்களில் வைக்காமல் குடும்பங்களில் குழந்தைகளை வளர்ப்பதற்கென்று, ஒரு பாதுகாப்பு அலுவலர் இருப்பார். நீங்கள் பார்க்க வேண்டியவர் அவர்தான். குழந்தைகள் உதவி எண் 1098இல் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி. கன்னியக்கோயிலிலோ பாகூரிலோ குடியிருந்து தினமும் கடலூருக்கு வேலைக்கு வருகிறவர்கள் நிறைய. எங்கே குடியிருக்கிறீர்களோ அந்தப் பக்கத்து அலகில்தான் விண்ணப்பிக்க வேண்டும். வேலை எங்கே, சொந்த ஊர் எது என்பதெல்லாம் கணக்கில் வராது. அடுத்த ஆறு மாதத்தில் வீடு மாறும் எண்ணம் இருந்தால், மாறிய பிறகே விண்ணப்பிப்பது நல்லது.

2024இலிருந்து பதிவை இணையத்திலும் செய்யலாம். தத்தெடுப்புக்கான மத்திய அமைப்பான காராவின் தளத்திலேயே வளர்ப்புப் பெற்றோருக்கும் பதிவு இருக்கிறது. படிவம் நிரப்பும்போது தத்தெடுப்புப் பக்கத்துக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது இதுதான்: இணையத்தில் பதிவதற்கு முன்னால் ஒரு தடவை நேரில் போய் அந்த அலுவலரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். அடுத்து வரப்போகும் மாதங்களில் அவரும் நீங்களும் அடிக்கடி பேச வேண்டியிருக்கும்.

ஆவணங்கள் பெரிய விஷயமில்லை. ஆதார், பான், இருப்பிடச் சான்று, பிறந்த தேதிக்கான சான்று, திருமணப் பதிவுச் சான்று அல்லது விவாகரத்துத் தீர்ப்பு, வருமானச் சான்று, வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் மருத்துவச் சான்று, புகைப்படங்கள். போலீஸ் விசாரணையும் நடக்கும். திருமணத்தைப் பதிவு செய்யாமலே விட்டவர்கள் முதலில் அதை முடிக்கட்டும், பல விண்ணப்பங்கள் நின்றுபோவது அங்கேதான். ஒரு ஆவணத்தில் பெயருக்கு முன்னால் ஒரு இனிஷியல், இன்னொன்றில் வேறு என்று இருந்தால் அதையும் சரிசெய்து கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து பார்ப்பது

இந்தக் கட்டத்தை நினைத்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். வெள்ளையடித்து, புது மெத்தை வாங்கி, பெண் பார்க்க வருகிற மாதிரி தட்டில் பலகாரம் வைத்துக் காத்திருக்கிறார்கள். வேண்டாம். பெரிய வீடு, ஏசி அறை எதுவும் யாரும் கேட்பதில்லை. உங்கள் குடும்பத்தின் திறன், எண்ணம், வசதி, குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட அனுபவம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்பதுதான் சட்டத்தில் இருப்பது.

வருகிறவர் எங்கே கண் வைப்பார்? குழந்தை எங்கே தூங்கும், யார் பக்கத்தில் தூங்குவார்கள். கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா. புத்தகப்பையை எங்கே வைக்கும், எந்த வெளிச்சத்தில் படிக்கும். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது. பள்ளி எவ்வளவு தூரம். நம் மாவட்டத்தில் இன்னொரு கேள்வியும் நியாயமானது: புயல் எச்சரிக்கை வந்தால் எங்கே போவீர்கள்? 2011 டிசம்பர் 30இல் வந்த ‘தானே’ புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த ஊர் இது. கூரையின் நிலை, தண்ணீர் ஏறும் தெருவா, பக்கத்தில் எந்தப் பள்ளியில் முகாம் அமைப்பார்கள் என்பதற்கு உங்களிடம் பதில் இருக்கட்டும்.

பிறகு பேச்சு. உங்களிடம் தனியாக, உங்கள் துணையிடம் தனியாக, வீட்டுப் பெரியவர்களிடம் தனியாக. மாமியாரிடம் கேட்கும் கேள்வி எளிமையாக இருக்கும்: "அந்தப் பிள்ளைக்கும் உங்க பேரனுக்கும் ஒரே தட்டுதானே?" அவர் என்ன சொல்கிறார் என்பதைவிட, சொல்வதற்கு முன்னால் எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்பதை அனுபவமுள்ள சமூகப் பணியாளர் கவனிப்பார். உங்கள் சொந்தப் பிள்ளைகளிடமும் பேசுவார். "உன் அறையை இன்னொருத்தர்கூடப் பகிர்ந்துக்கணும், சரியா?" என்று கேட்டால் அந்தப் பிள்ளை முதல்முறையாகக் கேள்விப்படுவது போல முழிக்கக்கூடாது. அதனால் விண்ணப்பம் போடும் முன்பே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஒருவருக்கு விருப்பமில்லை என்றாலும் தள்ளிப்போடுங்கள். அரை மனதோடு இருக்கும் ஒரு வீட்டுக்குள் நுழையும் குழந்தைக்கு அது இரண்டாம் நாளே தெரிந்துவிடும்.

எந்தச் சாதி, எந்த மதக் குழந்தை வந்தாலும் சம்மதமா என்ற பேச்சும் வரும். இதற்கு உண்மையைச் சொல்லுங்கள். மனதில் ஒன்று வைத்துக்கொண்டு வாயால் வேறு சொன்னால், பின்னால் அடிபடுவது குழந்தை. அக்கம்பக்கத்திலும் விசாரிப்பார்கள், அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பொருத்தம் பார்ப்பதும் ஆணையும்

அறிக்கை தயாரானதும் ஒப்புதலுக்குப் போகும். ஒப்புதல் கிடைத்தவர்களின் பட்டியல் அலகிடம் இருக்கும். குழந்தையைப் பற்றியும் இதே மாதிரி ஓர் அறிக்கை எழுதுவார்கள். இரண்டையும் வைத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். அண்ணன் தங்கை என்றால் ஒரே வீட்டில் வைக்கவே முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதனால் ஒன்று கேட்ட உங்களிடம் இரண்டு பேருக்கு இடம் உண்டா என்று கேட்கலாம்.

முடிவெடுப்பது குழந்தைகள் நலக் குழு. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள், குறைந்தது ஒருவர் பெண். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் அதிகாரம் அந்த அமர்வுக்கு உண்டு. ஆனால் கோர்ட் மாதிரி பயப்பட வேண்டியதில்லை, மேசையைச் சுற்றி உட்கார்ந்துதான் பேசுவார்கள். குழந்தையின் விருப்பத்தையும் கேட்பார்கள். குழந்தை வேண்டாம் என்று சொன்னால் வருத்தப்படாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லத்தில் கூட இருந்த தோழியைப் பிரிய மனமில்லாமல்கூட அப்படிச் சொல்லலாம்.

ஆணையோடு நீங்கள் ஓர் உறுதிமொழிப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடுவீர்கள். உணவு, படிப்பு, உடல்நலம் மூன்றும் உங்கள் பொறுப்பு. ஓராண்டு வரை என்றால் குறுகிய காலம், அதற்கு மேல் போனால் நீண்ட காலம். தேவைக்கேற்ப 18 வயது வரை நீட்டிக்க முடியும். குழுவின் முடிவில் உங்களுக்குக் குறை இருந்தால் 30 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். வளர்ப்புப் பராமரிப்பு போன்ற சிலவற்றுக்குச் சட்டம் அப்படித் தனியாக வைத்திருக்கிறது.

முதல் சில வாரங்கள்

சிங்காரத்தோப்பு மாதிரி ஒரு மீனவர் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த ஒன்பது வயதுப் பையன், விருத்தாசலத்தில் ஒரு சைவச் சாப்பாட்டு வீட்டுக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். நல்ல மனிதர்கள். நெய் விட்டுப் பருப்புச் சாதம் பிசைந்து கொடுக்கிறார்கள். அவன் இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்துவிடுகிறான். நன்றி இல்லாத பிள்ளை என்று நினைத்துவிடக் கூடாது. மூன்று வேளையும் மீன் வாசனையில் வளர்ந்தவன் அவன். அவனுக்கு அந்த வாசனைதான் அம்மா. வீட்டில் சமைக்க முடியாது என்றால் வாரத்தில் ஒருநாள் வெளியே கூட்டிப்போய் வாங்கிக் கொடுங்கள். அதுவும் முடியாது என்றால் பொருத்தம் பார்க்கும்போதே அலுவலரிடம் சொல்லிவிடுங்கள். குழந்தையின் உணவையும் மதத்தையும் பழக்கத்தையும் மதிப்பது நீங்கள் செய்யும் உபகாரம் ஆகாது, அது அந்தக் குழந்தைக்குச் சேர வேண்டியது.

வந்த புதிதில் சில பிள்ளைகள் சோற்றை ஒளித்து வைக்கும். தலையணைக்குக் கீழே பிஸ்கட் பாக்கெட், பையில் காய்ந்த இட்லி. பசித்துப் பழகிய பிள்ளை நாளைக்கு நம்பிக்கையில்லாமல் செய்வது அது. திட்டாதீர்கள். "இந்த டப்பா உன்னோடது, எப்ப வேணும்னாலும் எடுத்துக்கோ" என்று ஒரு டப்பாவில் முறுக்கோ கடலை உருண்டையோ போட்டுக் கொடுங்கள், காலியானால் கேட்காமலே நிரப்புங்கள். படுக்கையை நனைப்பது, தூக்கத்தில் கத்துவது, பொய் சொல்வது எல்லாம் வரலாம். ஆலோசகர் வேண்டும் என்று அலகில் கேளுங்கள். கேட்டால் உங்களுக்கு வளர்க்கத் தெரியவில்லை என்று நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம்.

"அம்மா" என்று கூப்பிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. அத்தை, பெரியம்மா, ஆண்ட்டி, எது வாயில் வருகிறதோ அது. கூப்பிட ஓர் அம்மா அதற்கு ஏற்கெனவே இருக்கிறாள்.

அந்த அம்மா பார்க்கவும் வருவாள். பெற்றோரால் வளர்க்க இயலவில்லை என்று வந்த குழந்தையை, குழு தடுக்காதவரை, அவர்கள் அவ்வப்போது சந்திக்கலாம். அவள் வாங்கி வந்த மலிவான பொம்மை, எண்ணெய் வழியும் பஜ்ஜிப் பொட்டலம், எதையும் முகம் சுளிக்காமல் வாங்கி வையுங்கள். போன பிறகு குழந்தை முன்னால் அவளைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகப் பேசாதீர்கள். சந்திப்பு முடிந்த இரவு குழந்தை அழும், முரண்டு பிடிக்கும். அதற்காகச் சந்திப்பையே நிறுத்தச் சொல்லாதீர்கள்.

மாத ஆய்வும் பணமும்

மாதம் ஒருமுறை ஆய்வு நடக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. குழந்தையிடம் தனியாகப் பேசுவார்கள். நீங்கள் ஒரு நோட்டு போட்டு வையுங்கள்: மருத்துவமனைக்குப் போன நாள், மருந்துச் சீட்டு, மதிப்பெண், ஆசிரியர் சொன்னது, பெற்றோர் வந்த நாள். ஆய்வு சீக்கிரம் முடியும், நாளைக்கு அந்த நோட்டு குழந்தைக்கும் உதவும்.

மிஷன் வாத்சல்யாவில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அது குழந்தையின் செலவுக்கு. சில சமயம் தாமதமாகலாம் என்று வைத்துக்கொண்டு, இந்தப் பணம் வராவிட்டாலும் ஓட்ட முடியும் என்ற நிலையில் இருந்தால்தான் இறங்க வேண்டும்.

கண்டிப்பாகச் செய்யக் கூடாதவை

குழந்தையின் பெயரை மாற்றக் கூடாது. மொட்டை, காதுகுத்து, மதச் சடங்கு எதையும் உங்கள் இஷ்டத்துக்குச் செய்யக் கூடாது. பள்ளிப் பதிவேட்டில் பெற்றோர் பெயர் இருக்கும் இடத்தில் உங்கள் பெயரைப் போடக் கூடாது. வீட்டு வேலைக்கோ கடைக்கோ முந்திரித் தோப்புக்கோ அனுப்பக் கூடாது. வெளியூருக்குப் பல நாள் கூட்டிப் போவதென்றால் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிறந்தநாள் கேக்கோடு ஒரு படம், கீழே "எங்கள் வீட்டு ஃபாஸ்டர் குழந்தை" என்று ஒரு வரி. பாசத்தில் செய்வதுதான். ஆனால் இப்படிப்பட்ட குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளிப்படுத்துவதைச் சட்டத்தின் 74ஆவது பிரிவு தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். நீங்கள் போட்ட படத்தைப் பள்ளியில் ஒரு பிள்ளை பார்த்தால் போதும், அந்தக் குழந்தை வகுப்பில் தலைநிமிர முடியாது.

ஆஸ்பத்திரியிலிருந்தோ புரோக்கர் மூலமாகவோ நேரடியாகக் குழந்தை வாங்கித் தருகிறோம் என்று யாராவது வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்தாண்டு வரை கடுங்காவல் தண்டனைக்குரிய குற்றம். திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தில் தனியாக நிற்கும் ஒரு குழந்தையைப் பார்த்து இரக்கப்பட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தாலும்கூட, 24 மணி நேரத்துக்குள் 1098க்கோ போலீசுக்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும்.

தத்தெடுக்க முடியுமா, திருப்பி அனுப்புவது எப்படி

குழந்தை சட்டப்படி தத்துக்கு உரியது என்று அறிவிக்கப்பட்டு, உங்கள் வீட்டில் இரண்டாண்டு வளர்ந்திருந்தால், தத்தெடுக்க விண்ணப்பிக்க வழி உண்டு. முன்பு இது ஐந்தாண்டாக இருந்தது, 2024இல் குறைத்தார்கள். ஆனால் இதையே கணக்குப் போட்டுக்கொண்டு வராதீர்கள். பெற்றோர் உரிமை இருக்கும் குழந்தைக்கு இது பொருந்தாது. வளர்ப்புப் பராமரிப்பில் இருப்பதால் மட்டும் சொத்துரிமை போன்றவை இருபக்கமும் வந்துவிடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

திரும்பிப் போகும் நாள் வந்தால், முன்கூட்டியே குழந்தையிடம் சொல்லிவிடுங்கள். கடைசி நாளில் திடீரென்று பையைக் கட்டுவது கொடுமை. தடுப்பூசி அட்டை, மருந்துச் சீட்டுகள், மதிப்பெண் பட்டியல், ஆதார், நீங்கள் எழுதி வந்த நோட்டு, சேர்ந்து எடுத்த படங்கள் சில, அந்த முறுக்கு டப்பா எல்லாவற்றையும் கொடுத்தனுப்புங்கள். குழந்தையின் பெற்றோரிடம் அது இப்போது எதற்குப் பயப்படுகிறது, எந்தப் பாடத்தில் தடுமாறுகிறது, எது கொடுத்தால் சாப்பிடும் என்று உட்கார்ந்து சொல்லுங்கள். தொடர்ந்து போனில் பேசலாமா என்பதைக் குழுவிடமும் பெற்றோரிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். சில வீடுகளில் ஒத்துக்கொள்வார்கள், சில வீடுகளில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

உங்களுக்கும் அழுகை வரும், வீடு சில வாரம் ஒரு மாதிரி இருக்கும். உடனே அடுத்த குழந்தையைக் கேட்டு ஓட வேண்டியதில்லை. கொஞ்ச நாள் இடைவெளி வேண்டும் என்றால் அலகில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். தயாரானதும் அதே பாதுகாப்பு அலுவலரிடம் சொன்னால், உங்கள் பழைய அறிக்கையை எடுத்து, வீட்டில் என்ன மாறியிருக்கிறது என்று பார்த்துத் திரும்பத் தொடங்குவார்கள்.